எங்க அணி ஆளுங்க கணக்குலயே தப்பு இருக்கு, நான் கையெழுத்து போடணுமா?

பனங்காட்டான்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்போ நானே எழுத வேண்டிய நிலைமை வந்துட்டு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்களுது தென்மாவட்டத்துல ஒரு கிராமம், பழைய சபை. சபை எலெக்‌ஷன்னா எங்க பக்கம் ரெண்டு அணின்னு உங்களுக்கே தெரியும், கல்யாண பத்திரிகை யாருக்கு வைக்கிறதுங்கிறதுல இருந்து துக்க வீட்டுல யாரு பக்கத்துல யாரு உக்காருறதுங்கிற வரைக்கும் அணிதான். நாங்க தாத்தா காலத்துல இருந்து ஒரே அணி. போன எலெக்‌ஷன்ல எங்க அணி ஜெயிச்சுது, என் பெரியப்பா பொருளாளர் ஆனாங்க, நான் பி.காம் படிச்சவன்னு வருஷ கணக்கை செக் பண்ற ரெண்டு பேருல ஒருத்தனா என்னைப் போட்டாங்க.

விஷயம் என்னன்னா சண்டே ஸ்கூல் கட்டடத்துக்கு மேல்தளம் போட்ட கணக்கு. சிமெண்ட், கம்பி வாங்கினதுக்கு ஒரே கடையில மூணு பில் இருக்கு. ஒண்ணு ஜூன், ஒண்ணு செப்டம்பர், ஒண்ணு ஜனவரி. பில் நம்பர் பாத்தா 412, 413, 414. ஏழு மாசத்துல அந்த கடையில வேற ஒரு ஆளு ஒரு மூட்டை சிமெண்ட் கூடவா வாங்கியிருக்க மாட்டாங்க? அதுவும் போக தளம் ஜூலையிலயே போட்டு முடிச்சாச்சு, சென்ட்ரிங் பலகை பிரிச்ச அன்னைக்கு வேலையாளுங்களுக்கு நான்தான் டீ வாங்கிட்டுப் போனேன், அப்புறம் ஜனவரியில எதுக்கு கம்பி? பின்னாடி வந்த ரெண்டு பில்லும் சேர்த்து 1,24,000.

பெரியப்பாகிட்ட தனியா கேட்டேன். கோவமே படல. "எலெக்‌ஷனுக்கு கடன் வாங்கினோம்லா, அதை எங்க இருந்து அடைக்க? அவனுவ இருந்தப்போ இதைவிட பண்ணினானுவ, நம்ம பிள்ளை நீயே கேள்வி கேட்டா எப்படி, கையெழுத்தைப் போடு"ன்னாங்க, அவ்வளவுதான்.

எங்க அப்பா தவறினப்போ எனக்கு 11 வயசு. ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் எல்லாம் பெரியப்பாதான் கட்டினாங்க. தங்கச்சி பி.எட் முடிச்சு ரெண்டு வருஷமா சபை நடத்துற ஸ்கூல்ல போஸ்டிங்குக்கு காத்துட்டு இருக்கா, அணியில சொன்னாதான் நடக்கும். இன்னொரு பக்கம் எங்க அம்மா, இன்னைக்கும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை தனியா எடுத்து டப்பாவுல போட்டு வைப்பாங்க, ஞாயித்துக்கிழமை அதைத்தான் கோயிலுக்கு கொண்டு போவாங்க. அந்த பிடி அரிசியை ஏலம் விட்ட காசும் இந்த கணக்குலதான் வருது. அதைப் பாத்துட்டு என்னால கையெழுத்து போட முடியல, போடலன்னா உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன்னு பேரு. அடுத்த வாரம் கமிட்டி. தூக்கமே இல்ல. விசுவாசிகள் யாராவது சொல்லுங்க.

மலையோரம்

தம்பி, உங்க மனசு எனக்கு புரியுது, ஆனா அவசரப்படாதீங்க, நான் அனுபவப்பட்டவன். எங்க சபையிலயும் இப்படித்தான் ஒரு கணக்கு பிரச்சனையில ஆரம்பிச்சுது. ஒருத்தர் கேட்டாரு, இன்னொருத்தர் எதிர்த்தாரு, ஒரு அணி கோர்ட்டுக்குப் போச்சு, மத்த அணி எதிர்க்கேஸ் போட்டுச்சு, கடைசியில ஆலயத்துக்கே பூட்டு. எங்க அப்பா இறந்தப்போ துக்க மணி அடிக்கணும்னு போய் நின்னா சாவி ஒரு அணிகிட்ட, தாசில்தார் ஆபீஸ் சீல் ஒரு பக்கம். மணி அடிக்காமலேயே எங்க அப்பாவைக் கொண்டு போய் அடக்கம் பண்ணினோம். 60 வருஷம் அந்த மணிச்சத்தம் கேட்டு எந்திரிச்ச மனுஷன். அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது.

அதனாலதான் சொல்றேன். "அன்பு திரளான பாவங்களை மூடும்"னு பேதுரு எழுதியிருக்காரு, சகோதரனுக்கு சகோதரன் கோர்ட்டுக்குப் போறதை விட அநியாயத்தைச் சகிச்சுக்கலாமேன்னு பவுலும் கொரிந்தியருக்கு எழுதினாரு. நீங்க உடம்பு சரியில்லன்னு ஒரு லெட்டர் கொடுத்துட்டு அந்த பொறுப்புல இருந்து சத்தமில்லாம விலகிடுங்க. கர்த்தர் பாத்துக்குவாரு. சபை உடையக் கூடாது.

கணக்குப்பிள்ளை

மலையோரம் அண்ணன் சொன்னதைப் படிச்சு மனசு கஷ்டமாயிட்டு. ஆனா உடம்பு சரியில்லன்னு லெட்டர் கொடுக்கறதும் பொய்தானேண்ணே, பொய்க் கணக்குல இருந்து தப்பிக்க இன்னொரு பொய்யா?

தம்பி, நான் ஆடிட்டர் ஆபீஸ்ல 17 வருஷமா வேலை பாக்கறேன், தொழில் தெரிஞ்சவனா மட்டும் சில விஷயம் சொல்றேன். உங்க முன்னாடி ரெண்டே வழி இருக்கறதா நினைக்கறீங்க, கையெழுத்து போடறது இல்ல பிரச்சனை பண்றது. அப்படி இல்ல. குறிப்பு எழுதி கையெழுத்து போடலாம். "கீழ்க்கண்ட தேதி, எண் கொண்ட பில்களுக்கான பொருள் வந்து இறங்கினதுக்கு ஆதாரம் எங்களுக்குக் காட்டப்படவில்லை, ஆகவே இந்தத் தொகை தவிர மீதிக் கணக்கு சரி"ன்னு எழுதுங்க. யாரையும் திருடன்னு சொல்லாதீங்க, அது உங்களுக்குத் தெரியாது. பில் நம்பர் வரிசையா இருக்கு, தளம் ஜூலையில முடிஞ்சுது, இதுதான் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

அதுக்கு முன்னாடி பொருளாளருக்கும் சபை போதகர் ஐயருக்கும் தேதி போட்டு எழுத்துல கேளுங்க, கடைக்காரர் கொடுத்த டெலிவரி சீட்டு இருக்கா, பணம் செக்ல போச்சா கையில போச்சான்னு. ஒரிஜினல் பில்லை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உங்க கூட கணக்கு பாக்கற அந்த இன்னொருத்தர்கிட்ட பேசினீங்களா? முதல்ல அவர்கிட்ட பேசுங்க. முக்கியமா வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வரி போடாதீங்க, போட்டா அன்னைக்கு ராத்திரியே அது கணக்கு விஷயமா இருக்காது, அணிச் சண்டையா மாறிடும்.

எருசலேம்ல இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்கு பவுல் பணம் சேர்த்து அனுப்பினப்போ தனியா தூக்கிட்டுப் போகல, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட அனுப்பினாரு. "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்"னு 2 கொரிந்தியர் 8ல இருக்கு. அப்போஸ்தலனே தன்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு அவ்வளவு பாத்திருக்காரு, நம்ம பொருளாளருங்ககிட்ட பில் கேட்டா மட்டும் விசுவாசம் இல்லாதவன்னு சொல்றாங்க.

வடக்குத்தெரு

கணக்குப்பிள்ளை சார் சொல்றது பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த குறிப்பை அடுத்த நாளே எதிரணி ஜெராக்ஸ் எடுத்து ஊர் பூரா கொடுப்பான், அது உண்மைதானே? அவனுங்க என்ன யோக்கியமா? தன் வீட்டு ஆளையே காட்டிக்கொடுத்து அவனுங்கள மேடை ஏத்தி விடறதுதான் நீதியா? நமக்குன்னு நிக்கிற நாலு பேரை விட்டுட்டா நாளைக்கு ஒரு ஆபத்துன்னா யாரு வருவா தம்பி. இதையும் யோசிங்க.

ரிட்டயர்டு டீச்சரம்மா

பனங்காட்டான் தம்பி, நேத்து ராத்திரி படிச்சேன், காலையில ஜெபத்துல உன்னைத்தான் நினைச்சேன். கண்ணு சரியில்ல, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோ.

வடக்குத்தெரு கேட்டது நியாயமான பயம்தான், அதை நான் தள்ளல. ஆனா உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், பதில் இங்க எழுத வேண்டாம், உனக்குள்ள சொல்லிக்கோ. இதே மூணு பில், இதே நம்பர், எதிரணி பொருளாளர் கொண்டு வந்து நீட்டியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? தூக்கம் வராம உக்காந்திருப்பியா? அன்னைக்கே ஐயர் வீட்டுக்குப் போயிருப்பதானே? அவங்க செஞ்சா களவு, நம்மவங்க செஞ்சா கடனடைப்புன்னு நம்ம வாய் எப்படி மாறுதுன்னு பாரு. லேவியராகமம் 19:15 படிச்சுப் பாரு, "சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும்"னு ரெண்டு பக்கமும் அடைச்சு வெச்சிருக்காரு. யாத்திராகமம் 23ல திரளான பேரோட சேர்ந்து தீமை செய்யப் போகாதேன்னு இருக்கு. அந்தத் திரள்ல நம்ம சொந்தக்காரங்களும் அடக்கம்தான் தம்பி.

நீ நன்றியைப் பத்தி எழுதினதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சுது, ஏன்னா அது சின்ன விஷயம் இல்ல, தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஃபீஸ் கட்டின கை அது. அந்தியோகியாவுல நடந்ததை எடுத்துக்கோ, கலாத்தியர் 2. பேதுரு யூதர் அல்லாத புறஜாதியாரோட உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தவர், எருசலேம்ல இருந்து தன் யூத ஆளுங்க வந்த உடனே பயந்து எந்திரிச்சு விலகிட்டார். நாம எப்பவும் பவுல் பேதுருவை எதிர்த்ததோட நிறுத்திடறோம். எனக்கு அதுல ரொம்ப வலிக்கிற வரி அடுத்ததுதான், "பர்னபாவும் அவர்களுடைய மாயத்தினாலே இழுப்புண்டான்." மாயம்னா இங்க வெளிவேஷம். பர்னபா யாரு? சபையைத் துன்பப்படுத்தின சவுலை, அதாவது இதே பவுலை, ஒருத்தரும் நம்பாதப்போ கையைப் பிடிச்சு அப்போஸ்தலர்கிட்ட கூட்டிட்டுப் போனவர். தர்சுவுல கிடந்தவனைத் தேடிப் போய் அந்தியோகியாவுக்குக் கொண்டு வந்தவர். பவுலுக்கு ஊழியத்துல யாராவது பெரியப்பா இருந்தா அது பர்னபாதான். அவர் அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு, இந்தப் பக்கம் நேத்து வரைக்கும் கூட சாப்பிட்ட புறஜாதி விசுவாசிங்க இலை முன்னாடி தனியா உக்காந்திருக்காங்க. அன்னைக்கு பவுல் வாயை மூடியிருந்தா பர்னபாவுக்கு நன்றி காட்டினதா ஆகியிருக்குமா? பர்னபாவை அந்த மாயத்துலயே விட்டதாத்தான் ஆகியிருக்கும்.

மலையோரம் தம்பிக்கு, உங்க அப்பாவுக்கு மணி அடிக்காததைப் படிச்சு அழுதுட்டேன். கோர்ட்டு வேண்டாம்னு நீங்க சொல்றதுல எனக்கு முழு சம்மதம். ஆனா அன்பு பாவத்தை மூடும்னா எனக்கு ஒருத்தர் செஞ்சதை நான் மன்னிச்சு மூடறது, விதவைங்க கொண்டு வந்த பிடி அரிசிக் காசை இன்னொருத்தர் எடுத்ததை நான் மூடறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு? அது என் பணம் இல்லையே.

திருமறைவாசகன்

டீச்சரம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் செமினரியில படிச்சப்போ தெரிஞ்சுக்கிட்ட ஒரு மனுஷனைப் பத்தி இங்க சொல்லணும்னு தோணுது, ஏன்னா தன் அணியை விட்டு வெளிய வர்றதுன்னா என்னன்னு எனக்கு அவர் கதையிலதான் புரிஞ்சுது.

தென் ஆப்பிரிக்காவுல பேயர்ஸ் நௌடேன்னு ஒரு போதகர், 1915ல பிறந்தவர். டச்சுக்காரங்க வழியில வந்த வெள்ளைக்கார ஆஃப்ரிகானர் இனம், டச்சு சீர்திருத்த சபை. அங்க ப்ரூடர்பாண்ட்னு ஒரு ரகசிய சங்கம் இருந்துச்சு, பேருக்கு அர்த்தமே சகோதரர் கட்டு. மந்திரி, போதகர், ப்ரொஃபஸர்னு அந்த இனத்துல மேல வந்த ஆளுங்க நிறைய பேர் அதுல இருந்தாங்க. அதை ஆரம்பிச்சவங்கள்ல நௌடேயோட அப்பாவே ஒருத்தர். இவரும் 1940ல சேர்ந்தாரு. அதாவது நிறவெறி ஆட்சியை நடத்தினவங்க எல்லாம் இவருக்கு அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா மாதிரிதான்.

1960 மார்ச் 21, ஷார்ப்வில்ங்கிற ஊர்ல, கறுப்பினத்தவங்க எப்பவும் அனுமதிச் சீட்டு வெச்சிருக்கணும்ங்கிற பாஸ் சட்டத்தை எதிர்த்து கூடின கறுப்பின ஜனங்க மேல போலீஸ் சுட்டதுல 69 பேர் செத்தாங்க. அந்த வருஷ டிசம்பர்ல சபைகள் எல்லாம் ஜோஹன்னஸ்பர்க்ல காட்டஸ்லோங்கிற இடத்துல கூடிப் பேசி, நிறத்தைக் காட்டி எந்த விசுவாசியையும் எந்த சபையில இருந்தும் தள்ளக்கூடாதுன்னு ஒரு அறிக்கை கொடுத்தாங்க. நௌடேயோட சபை ஆளுங்களும் ஒத்துக்கிட்டாங்க. பிரதம மந்திரி வெர்வூர்ட் கோவப்பட்டாரு, உடனே நௌடேயோட சபையை நடத்துற சினாடுங்கிற பேரவைகள் அந்த அறிக்கையைக் கைவிட்டுச்சு. நௌடே மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்னு நின்னாரு. 1963ல எல்லா நிறத்து விசுவாசிகளும் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ நிறுவனத்துக்குத் தலைமை ஏத்தப்போ, அது வேணுமா போதகர் பட்டம் வேணுமான்னு சபை கேட்டுச்சு. அந்த செப்டம்பர்ல தன் சபையாருக்கு முன்னாடி அப்போஸ்தலர் 5:29ஐ எடுத்து பிரசங்கம் பண்ணிட்டு, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது", புல்பிட்டை விட்டு இறங்கினாரு. ப்ரூடர்பாண்டையும் விட்டாரு. 1977ல இருந்து ஏழு வருஷம் அரசாங்கம் அவருக்குத் தடை போட்டுச்சு, ஒரு நேரத்துல ஒரு ஆளுக்கு மேல சந்திக்கக் கூடாதுன்னு.

நான் இதை ஏன் சொல்றேன்னா அவர் ஒரே நாள்ல அங்க வந்து சேரல. 20 வருஷத்துக்கு மேல அந்த சங்கத்துலயே இருந்திருக்காரு, கூடவே வேதத்தைத் திரும்பத் திரும்ப படிச்சிருக்காரு, உள்ளுக்குள்ள போராடியிருக்காரு. தன் இனத்தை வெறுத்தும் அவர் வெளிய வரல, கடைசி வரைக்கும் அவங்க மொழியான ஆஃப்ரிகான்ஸ்லயே பேசி அவங்க மனசாட்சியைத் தட்டிட்டேதான் இருந்தாரு. 1994ல ஜனநாயக ஆட்சி வந்ததைக் கண்ணால பாத்தாரு, 2004லதான் இறந்தாரு.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தையும் நினைச்சுப் பாருங்க. அங்க கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளயே ஜாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு நடுவுல சுவர் வெச்சிருந்தாங்க, 1910ல கௌசானல் சாமியார் அந்த சுவரை இடிச்சப்போ வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. சுவருக்காக வழக்குப் போட்டவங்களும் ஜெபமாலை உருட்டினவங்கதான், ஜாதிக் கட்டு அவ்வளவு பலம். ஜாதி, அணி, குடும்பம் எல்லாமே ஒரே கயிறுதான்னு எனக்குத் தோணுது.

வடக்குத்தெரு

வாசகன் பிரதர், நல்லா இருந்துச்சு. ஆனா அவர் எதிர்த்தது ஒரு நாட்டையே அடிமைப்படுத்தின சட்டத்தை. இது ஒரு லட்ச ரூபா சிமெண்ட் பில். ரெண்டையும் ஒரே தராசுல வெக்கலாமா?

ரிட்டயர்டு டீச்சரம்மா

வெக்க வேண்டாம் தம்பி, ஒத்துக்கறேன். ஆனா நமக்கு தேவன் கொடுத்த தராசு இந்த சிமெண்ட் பில்தானே, வேற பெரிய தராசு நம்ம கைக்கு வரவே இல்லையே. எதிரணி ஜெராக்ஸ் எடுக்கும்னு சொன்னீங்கள்ல, அதுக்குத்தான் சொல்றேன், பனங்காட்டான் முதல்ல அவங்க கைக்கு எதையும் கொடுக்கக் கூடாது. மத்தேயு 18 படி முதல்ல தனியா, அப்புறம் ஒருத்தர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு, அப்புறம்தான் சபை. தனியா ஒரு தடவை கேட்டாச்சு, ஆனா அது கணக்குக் கேள்வியா கேட்டது. மகனா போய் இன்னொரு தடவை கேளு தம்பி. பணத்தைத் திருப்பி வெச்சிட்டா குறிப்பே தேவைப்படாது, அந்த வழியை அவருக்குத் திறந்து விடு.

பனங்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். டீச்சரம்மா சொன்னபடி பில்லு எதையும் கையில எடுத்துட்டுப் போகல.

பெரியம்மா காப்பி கொண்டு வந்து வெச்சாங்க. ஃபீஸ் கட்டினதுல இருந்து ஆரம்பிச்சேன், காலேஜ் சேர்ந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எனக்கு செருப்பு வாங்கிக் கொடுத்தாங்க, அதைச் சொன்னேன். அப்புறம் சொன்னேன், பெரியப்பா நீங்க படிக்க வெச்ச படிப்புதான் இந்த பில்லைப் பாத்துச்சு, அதை வெச்சு நான் பொய் எழுதினா நீங்க கட்டின ஃபீஸ் வீண், உங்களை நான் யாருக்கும் காட்டிக்கொடுக்கல, அந்தப் பணத்தைத் திருப்பி வெச்சிருங்க, எலெக்‌ஷன் கடன்ல என் பங்குக்கு மாசம் 3,000 நான் தர்றேன், ஆனா கையெழுத்து அப்படியே போட முடியாதுன்னு. சொல்லி முடிக்கும்போது எனக்கு குரல் நின்னு போச்சு.

ரொம்ப நேரம் அவங்க பேசல. காப்பி ஆறிப் போச்சு. கடைசியில "உன் தங்கச்சி விஷயம் இனி என் கையில இல்ல, நீயே பாத்துக்கோ"ன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. பெரியம்மா வாசல் வரைக்கும் வந்தாங்க, ஒண்ணும் சொல்லல, என் சட்டைக் காலரை மட்டும் சரி பண்ணி விட்டாங்க.

வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அவகிட்ட மறைச்சிட்டு அவ வேலையை வெச்சு நான் முடிவெடுக்கறது சரியில்லன்னு பட்டுச்சு. அழுதா. அப்புறம் மெட்ரிக் ஸ்கூல் ஒண்ணுல கேட்டுப் பாக்கறேன், சம்பளம் கம்மிதான்னா. கூட கணக்கு பாக்கற அண்ணன்கிட்டயும் பேசிட்டேன், அவரும் அந்த நம்பரைப் பாத்திருக்காரு, பயந்துட்டு சும்மா இருந்திருக்காரு. ரெண்டு பேரும் சேர்ந்து குறிப்பு எழுதி வெச்சிருக்கோம், கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரியே, தெரிஞ்சது மட்டும். பெரியப்பா அதுக்குள்ள பணத்தை வெச்சா அதைக் கிழிச்சிடலாம்னு இருக்கோம். கமிட்டி சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு.

மலையோரம்

தம்பி, நான் சொன்ன வழியில நீங்க போகல, ஆனா பெரியப்பா வீட்டுக்கு நீங்க போன விதத்தைப் படிச்சதும் எங்க சபையில ஒருத்தராவது இப்படிப் போயிருந்தா அன்னைக்கு மணி அடிச்சிருக்கும்னு தோணுச்சு. கமிட்டியில யாரு கத்தினாலும் நீங்க கத்தாதீங்க.

ரிட்டயர்டு டீச்சரம்மா

சனிக்கிழமை நான் உபவாசம் தம்பி. 6 மணிக்கு முழங்கால்ல இருப்பேன். உன் பெரியப்பாவுக்கும் சேர்த்துத்தான். தங்கச்சி எந்த சப்ஜெக்ட் பி.எட்டுன்னு எழுது, எனக்குத் தெரிஞ்ச ஸ்கூல் ஒண்ணு ரெண்டுல கேட்டுப் பாக்கறேன்.